ஒலிபெருக்கி உபயம்

அன்றைக்குக் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா. வேப்பமரத்தில் சாய்த்த ஏணியின் மேல், கொழா ஸ்பீக்கருக்குக் கீழே அப்பா. கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் கையில் சொம்போடு அம்மா. பிளாஸ்டிக் நாற்காலியில் கோயில் தலைவர்; பிரான்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் தெருவில் அவரைச் சொல்தா என்போம். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், சைக்கிளைப் பிடித்தபடி கேரியர்காரர். அவர் பக்கத்தில் அவர் மகள். ஆம்ப்ளிபையர் பெட்டி வைத்த பெஞ்சுக்கு அடியில் நான். தெரு ஜனம் மொத்தமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கூழுக்கு வந்தவர்கள். விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டவர்கள் நாங்கள் ஏழு பேர்தான். அதிலும் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் மாமாவும் நானும் மட்டும்.

விஷயம், வராத பாக்கி.

அப்பாவுக்கு மைக் செட், சீரியல் பல்பு வாடகைக்கு விடுகிற தொழில். ஒரு ஆம்ப்ளிபையர், இரண்டு கொழா, ஒரு மூட்டை வயர், ஒரு மூங்கில் ஏணி, அவ்வளவுதான் கடை. அந்த வருஷம் வைகாசியில் பின் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. பெண் என் பள்ளிக்கூடம்தான், எனக்கு இரண்டு வகுப்பு மேலே. தெருமுனையில் இருந்து வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் சீரியல் பல்பு, வாசலில் பல்பு அணைந்து எரிந்து ஓடுகிற மயில், விடிகாலையில் இருந்து ராத்திரி வரை பாட்டு. அந்தப் பச்சை மயிலைப் பார்க்கவே நாலு தெரு சனம் வந்தது. அட்வான்ஸ் இருநூறு கொடுத்தார் பெண்ணின் அப்பா. மீதி இரண்டாயிரத்து எண்ணூறு. அதுதான் வரவில்லை.

அவர் மில்லுக்காரர். எங்கள் பக்கம் பாதிப் பேர் மில்லுக்காரர்கள்தான் என்பதால் அந்தப் பெயர் யாருக்கும் தனியாக நிற்காது. சைக்கிள் ஹேண்டில்பாரில் எப்போதும் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியர் ஆடிக்கொண்டிருக்கும், அதனால் கேரியர்காரர்.

முதலில் அப்பா போய்க் கேட்டார். கேட்டார் என்று அப்பா சொன்னார். ஒரு தடவை நானும் கூடப் போனேன், அதனால்தான் இந்தச் சந்தேகம். அப்பா வாசலில் நின்று, "இன்னாண்ணே, ஒடம்புக்குப் பரவால்லியா" என்றார். அவர், "பரவால்ல தம்பி" என்றார். அப்புறம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை அப்போது வரவும் இல்லை. அப்பா, "சரிண்ணே, வரேன்" என்று கிளம்பிவிட்டார். வீட்டில் அம்மா கேட்டதற்கு, "சொல்லியிருக்கேன், குடுத்துருவாரு" என்றார். மழை பற்றிப் பேசியதற்குள் எங்கே அந்தப் பேச்சு ஒளிந்திருந்தது என்று நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை.

அடுத்து மாமா கிளம்பினார். அம்மாவின் தம்பி. நோணாங்குப்பம் படகுத் துறையில், படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிற வேலை. "அம்மா, அந்த பெல்ட்டப் போடுங்க! சார், கைய வெளிய நீட்டாதீங்க!" என்று நாளெல்லாம் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை பலமாகிவிட்டது. "மச்சானுக்கு வாயில கொழுக்கட்டக்கா. நான் போறேன் பாரு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சின்னப்பிள்ளை கூட இருந்தால் நாயை அவிழ்த்துவிட மாட்டார்களாம்.

அங்கே நாய் இல்லை. கேரியர்காரர் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். எனக்கு ஒரு கை பொட்டுக்கடலை. மாமா வாயைத் திறப்பதற்குள், "ஏன் தம்பி, அந்த பாரடைஸ் பீச்சுக்கு இங்கேர்ந்து படகுல எவ்ளோ நேரம்?" என்று கேட்டார். மாமா சொன்னார். "காத்து எதுத்துக்கினு வந்தா?" அதையும் சொன்னார். டீசல், மோட்டார், ஒரு தடவை படகில் ஏறி மயக்கம்போட்ட மாப்பிள்ளை என்று மாமா சொல்லிக்கொண்டே போக, அவர் கன்னத்தில் கை வைத்து அத்தனை ஆசையாகக் கேட்டார். கடைசியில் மாமா, "ஒரு நாள் குடும்பத்தோட வாங்கண்ணே, டிக்கெட்டு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தெருமுனை வந்த பிறகுதான் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேட்டியாடி நீயி? நான் காசு கேட்டனா?"

"இல்ல மாமா."

"அவன் ஆளு கிடையாது. மந்திரவாதி."

எனக்குச் சின்ன வயதிலேயே கவலைப்படுவதில் நல்ல தேர்ச்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் வராத கணக்கெல்லாம் கவலையில் எனக்கு வந்துவிடும். அந்தப் பாக்கியைப் பற்றியும் பட்டேன். காரணம், ஆம்ப்ளிபையர் பெட்டி அப்போது ரிப்பேரில் கிடந்தது. கொர்ரென்று ஒரு இரைச்சல் வரும், சிவப்பு விளக்கு அணையும், அப்புறம் ஊமை. நெல்லித்தோப்பு ரிப்பேர்காரர் சரிபண்ணி வைத்துவிட்டார், கூலி தொள்ளாயிரம். கேரியர்காரர் காசு வந்ததும் மீட்கலாம் என்று வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. ஆடி பிறந்தால் வாராவாரம் ஏதாவது ஒரு அம்மன் கோயிலில் சாகை வார்த்தல், அதாவது கூழ் ஊற்றுகிற திருவிழா. மைக் செட்காரன் வருஷத்துச் சோறு அந்த ஒரு மாதத்தில்தான். பெட்டி இல்லாவிட்டால் கொழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தண்ணீரா பிடிப்பது?

மாமா என்னை உளவுக்கு வைத்தார். "அந்தாளு தெனம் மில்லுக்குப் போறானா இல்லியான்னு பாத்து சொல்லு. போறான்னா சம்பளம் வருது. சம்பளம் வருதுன்னா குடுக்க மனசில்ல. மனசில்லாதவனுக்கு வேற வைத்தியம்." மில் ஓடுகிறதா இல்லையா என்பது அப்போது எங்கள் தெருவில் மழை வருமா வராதா என்பது மாதிரி ஒரு பேச்சு. ஒரு ஷிப்டு ஓடுதாம் என்பார்கள். பஞ்சு லாரி வந்துச்சாம் என்பார்கள். இல்லையாம் என்பார்கள். மாமா நோணாங்குப்பத்துக்காரர், அவருக்கு இதெல்லாம் நிச்சயமில்லை. அப்பாவைக் கேட்டால் பேச்சு ஏணி, வயர் என்று எங்கோ போய்விடும்.

நான் பள்ளிக்கூடத்துக்கு மில்லுத் தெரு வழியாகச் சுற்றிப்போக ஆரம்பித்தேன். கேரியர்காரர் காக்கிச் சட்டையில், வகிடெடுத்துத் தலை சீவி, நேரம் தவறாமல் சைக்கிளில் போனார். கேரியர் ஆடியது. மில் கேட்டுக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, இன்னும் நாலைந்து காக்கிச் சட்டைகளோடு நின்றார். வாட்ச்மேன் அவரோடு சிரித்துப் பேசினான். கேட்டில் ஒரு சின்ன கதவு உண்டு, அது திறக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் பிரேயருக்கு நேரமாகிவிடும், டீச்சர் வெளியே நிற்க வைப்பார். ஓடிவிடுவேன். மறுநாளும் அதே. சாயந்திரம் ஷிப்டு விடுகிற நேரத்துக்கு அவர் தெருவுக்குள் திரும்பி வருவதையும் பார்த்தேன். கேரியர் லேசாக ஆடியது, சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

மாமாவிடம் பார்த்ததைச் சொன்னேன். தொடையில் தட்டினார்.

"அப்போ வேலைக்குப் போறான்! சம்பளம் வாங்கறான்! சரி, அம்மன் கையால வாங்கிக்கறேன்."

அந்த யோசனை இதுதான். எங்கள் பக்கத்துத் திருவிழாவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு உபயதாரர் உண்டு. கேழ்வரகு ஒருத்தர், பூ ஒருத்தர், மேளம் ஒருத்தர். யார் என்ன உபயம், எத்தனை ரூபாய் என்று மைக்கில் சொல்வார்கள். சொல்லிவிட்டால் முடிந்தது, அம்மன் முன்னால், ஊர் காதில் விழுந்த தொகையை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. உபயதாரர் கோயிலில் கட்டுவார், கோயில் அதை வேலை செய்தவனுக்குக் கொடுக்கும். மைக் செட்டுக்கு மட்டும் உபயதாரர் கிடையாது, வருஷாவருஷம் ஆயிரத்து இருநூறு ரூபாயைக் கோயிலே அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாமா சொல்தாவிடம் போய், இந்த வருஷம் கேரியர்காரர் ஒலிபெருக்கி உபயம் செய்ய ஆசைப்படுகிறார், வெட்கப்படுகிறார், அன்றைக்கு மைக்கிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று காதில் போட்டுவிட்டார். சொல்தாவுக்குக் கோயில் காசு மிச்சம். "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாராம்.

மாமா என் காதில் சொன்னார்: "ஆயிரத்து எரநூறு, பழசு ரெண்டாயிரத்து எண்ணூறு. மைக்குல நாலாயிரம்னு சொல்லிடுவேன். எவன் கேப்பான்? அம்மன் கேப்பாளா? அப்பாகிட்ட மூச்சு விட்ட, கொன்னுடுவேன்."

நான் மூச்சு விடவில்லை. ஆனால் சரியாகவும் விடவில்லை. ரிப்பேர்காரர் வேறு ஒரு நிபந்தனையோடுதான் பெட்டியைக் கொடுத்திருந்தார். திருவிழா சாயந்திரம் காசு கைக்கு வர வேண்டும், வராவிட்டால் பெட்டி திரும்ப அவர் கடைக்கு. அப்படிப் போனால் மிச்ச ஆடி முழுக்க அப்பாவுக்கு வேலை இல்லை. மாமா வாயில் இருந்து வரவேண்டிய ஒரே ஒரு சொல்லில் எங்கள் வீட்டு அடுப்பு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கூழ்ப் பானைகள் வேப்பிலை கட்டி வரிசையாக வந்து அண்டாவில் கலந்தன. கருவாட்டுக் குழம்பு வாசனை. பெட்டியின் சிவப்பு விளக்கு என் தலைக்கு நேர் மேலே, பெஞ்சின் இடுக்கில் தெரிந்தது. அதைக் காவல் காப்பது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா உபயதாரர்களைச் சொல்ல ஆரம்பித்தார். படகுத் துறைக் குரல், நாலு தெருவுக்குக் கேட்டது. கேழ்வரகு உபயம், இவ்வளவு ரூபாய். பூ உபயம், இவ்வளவு. பிறகு கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருடத்துக்கான ஒலிபெருக்கி உபயம்" என்று சொல்லி, கேரியர்காரர் பெயரை, அவர் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கேரியர்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பின்னால் சுவர். "உன்னத்தாண்ணே கூப்டறாங்க, போ!" என்று யாரோ தள்ளினார்கள். "பாத்தியா, மில்லுல பாக்கி வந்துருச்சு போலடோய்!" என்று ஒரு குரல். "வந்தா நமக்குச் சொல்வானா?" என்று இன்னொன்று. சைக்கிளை மகளிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் வந்தார். வந்தார் என்பதைவிட, கூட்டம் அவரைக் கையில் இருந்து கைக்கு மாற்றிக் கொண்டுவந்தது. சொல்தா எழுந்து அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். அம்மா முதல் சொம்புக் கூழை அவர் கையில் கொடுத்தாள். அது சட்டையில் சிந்தியது. அவர் மகள் மட்டும் சைக்கிள் பெல்லைத் தெரியாமல் அடித்துவிட்டு, வெட்கப்பட்டு, சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் மஞ்சள் நீராட்டில்கூடப் பார்த்ததில்லை.

மாமா மூச்சை இழுத்தார். "அன்னார் வழங்கும் தொகை, ரூபாய்..."

அவ்வளவுதான். கொழா நின்றுவிட்டது.

மாமா வாய் அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை, சரியாக அந்த நேரத்தில் மேளக்காரர்கள் உபயதாரருக்கு மரியாதை என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிதான் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொர்ரென்ற இரைச்சலும் வரவில்லை. ஏணியைப் பார்த்தேன். அப்பா மேலே நின்றுகொண்டிருந்தார், கையில் வயர் முனை. சரிபண்ணுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வயரைப் பார்க்கவில்லை. கீழே கேரியர்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா செட்டு கட்டின? ஓட்ட செட்டு!"

"காசு வாங்கறப்ப மட்டும் வாய் கேக்குது, பாட்டு கேக்க மாட்டுது!"

அப்பா மேலிருந்தபடியே, "பெட்டி தகராறு பண்ணுதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று கும்பிட்டார். பெட்டியில் ஒரு தகராறும் இல்லை என்று எனக்குக் கத்தலாம்போல இருந்தது. கூழ் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் குடித்து முடித்து, மேளமும் கிளம்பிப் போன பிறகு கொழா மறுபடி பாடியது. தொகையைக் கேட்க அப்போது ஆள் இல்லை.

சாயந்திரம் மாமா சொல்தாவிடம் காசு கேட்டார். "உபயதாரர் இருக்காரே, அவரையே கேளுங்க. தொகைய யாரும் சொல்லலியே" என்றார் அவர். ஆக, வழக்கமாக வருகிற ஆயிரத்து இருநூறும் போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரிப்பேர்காரர் வந்து பெட்டியைத் தன் டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு போனார். மாமா அப்பாவைப் பார்த்து, "அந்த நேரத்துலதானா உன் வயரு புடுங்கிக்கணும் மச்சான்?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் நோணாங்குப்பம் பஸ் ஏறிவிட்டார். அம்மா, "தேங்காத்திட்டு ஹார்பர்ல காலையில மீன் கூடை எடுத்தா ஏதோ வரும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மறுநாள் காலை, ஷிப்டு நேரத்துக்குக் கேரியர்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காக்கிச் சட்டை, வகிடு, கேரியர். பாக்கி கொண்டுவந்திருக்கிறார் என்று நான் ஓடினேன். அவர் சுவரோரம் கிடந்த ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "தம்பி, சீரியல் செட்டு கழட்டணும்ல, புடி" என்றார். அப்பா இன்னொரு முனையைப் பிடித்தார்.

அன்றிலிருந்து அவர் எங்களோடுதான். பெட்டி இல்லாத அந்த ஆடி முழுக்க அப்பா பல்பு மட்டும் கட்டினார், அவர் ஏணி பிடித்தார். சாயந்திரம் அப்பா கையில் இருப்பதில் கூலி கொடுப்பார், அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். பாக்கிக்கென்று அப்பா ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. மாமா திரும்ப வர ஆரம்பித்தபோது இதைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். "ஊருல கடன்காரன வேலைக்கு வச்சி கழிப்பாங்க. நம்ம மொதலாளி கடன்காரனுக்கு சம்பளம் குடுக்கறாரு. எழுதி வச்சி கும்பிடணும்!" அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். பெட்டியை அவள் சீட்டுப் பணத்தில்தான் புரட்டாசியில் மீட்டோம்.

எனக்குக் கணக்கு வராது, ஆனால் இது வந்தது. "தெனம் கூலியில கொஞ்சம் புடிச்சிக்கலாமேப்பா" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார் அப்பா. எது அது, எது இது என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எனக்கு அங்கே பயம். அப்பாவோடு வயர் சுற்றப் போனேன். முதல்தடவை ஏணியில் ஏறி அவர் கட்டின கொழாயைத் தொட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: வயரை இரண்டு சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, அதன் மேல் டேப்பும் ஒட்டியிருந்தது. புயல் அடித்தாலும் அது தானாகக் கழலாது. நகத்தை வைத்து டேப்பைப் பிரித்து, முடிச்சை அவிழ்த்து, பிறகுதான் எடுக்க வேண்டும். கீழே கேரியர்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தும்மா, பாத்து" என்றார். நான் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மில் கேட்டின் சின்ன கதவு அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னாலேயே மூடியதுதான், திறக்கவே இல்லை என்பதும் ஏணி பிடிக்கிற நேரத்துப் பேச்சில்தான் தெரிந்தது. காக்கிச் சட்டைகள் எதிர்ப்புறம் நின்று, பிறகு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, கேரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்டு விடுகிற நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறார்கள். மில்லில் இருந்து வரவேண்டிய பாக்கியை நம்பித்தான் அந்தப் பச்சை மயில் ஓடியிருக்கிறது. அப்பாவும் ஒரு காலத்தில் அதே கேட்டில் கேரியரோடு நின்றவர். அவர் வேலை வேண்டாமென்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, மில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து, அந்த ஆம்ப்ளிபையரை வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்பதால் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் உபயம் செய்தவர் பெயர் அடுத்த வருஷ நோட்டீசிலும் வரும், அது கோயில் வழக்கம். இன்றைக்கும் ஆடியில் ஒலிபெருக்கி உபயம் கேரியர்காரர்தான். கூலியில் சேர்த்து, சொல்தா கையில் கட்டினார். சொல்தா போன பிறகு புதுத் தலைவர் கையில் கட்டுகிறார். கோயில் அதை எங்களுக்குக் கொடுக்கிறது. ரேட்டு ஏற ஏற அவரும் ஏற்றிக் கட்டுகிறார், ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மாமா மைக்கில் தொகையை உரக்கச் சொல்கிறார். அப்பா, முட்டி வலியோடு, கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்.

அந்த முதல் வருஷத்துப் பாக்கியைப் பற்றி மட்டும் கேரியர்காரரும் பேசியதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. இத்தனை கவலைப்படுகிற நானும் கேட்கப்போவதில்லை. மைக்கில் வராமல் போன அந்தத் தொகை அப்படியே நிற்கிறது: நாலாயிரம் ரூபாய்.